பழைய கார்டு, புது நோட்டீஸ், நம்ம மானம்

வக்கீல் நோட்டீஸ் என்பது கோர்ட் உத்தரவு இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசப் போகிறேன். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நம் ஆட்கள் நகையை வைத்தும் பி.எஃப். எடுத்தும் கொண்டுபோய்க் கொட்டுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

ஒரு வக்கீல், தன் கட்சிக்காரர் சொன்னதைத் தன் லெட்டர்ஹெட்டில் டைப் அடித்துத் தபாலில் அனுப்பினால் அது வக்கீல் நோட்டீஸ். அவ்வளவுதான். அதை எந்த நீதிபதியும் பார்க்கவில்லை. அதற்கு வழக்கு நம்பர் கிடையாது. உங்களுக்கு எதிராக யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. நீங்களும் நாளைக் காலையில் ஒரு வக்கீலைப் பிடித்து, எதிர் ஃபிளாட்காரர் எனக்கு 3 கோடி தரவேண்டும் என்று நோட்டீஸ் விடலாம். அவர் தரவேண்டும் என்று அதனால் ஆகிவிடுமா?

அதற்காக நோட்டீஸைக் கிழித்துக் குப்பையில் போடு என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். "மூணு வருஷம் ஆயிடுச்சுல்ல, ஒண்ணும் பண்ண முடியாது, விடு பாஸ்" என்று வாட்ஸப் வக்கீல்கள் தெருவுக்கு நாலு பேர். அவர்கள் பேச்சும் ஆபத்து. பயந்து கட்டுவதும் தப்பு, பயந்து ஒளிவதும் தப்பு. எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். என் கட்சி அதுதான். இனி விளக்கம்.

என்னோடு புனே ஹிஞ்சேவாடிக்கு ஒரே கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்த நண்பர் ஒருவர். கோவில்பட்டிப் பக்கம். பெயர் வேண்டாம். அந்த வங்கியின் பெயரும் வேண்டாம், எல்லாம் ஒரே குட்டையில் ஊறியவைதான். 2007ல் கார்டு வாங்கினார். அந்தக் காலத்தை நினைவிருக்கிறதா? பெட்ரோல் பங்கில், மால் வாசலில், ஆபீஸ் கேண்டீன் பக்கத்தில் எல்லாம் டை கட்டிய பையன்கள் நின்றுகொண்டு "லைஃப் டைம் ஃப்ரீ சார்" என்று துரத்துவார்கள். சம்பளச் சீட்டு நகல் ஒன்று, போட்டோ ஒன்று, கையெழுத்து நாலு. கார்டு வீடு தேடி வந்துவிடும். 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லீமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. ஆறே மாதத்தில், 2009 மார்ச்சில், இங்கே இவருக்கு வேலை போனது. கார்டில் அப்போது பாக்கி 46,000. ஜூன் வரை மினிமம் ட்யூ கட்டிப் பார்த்தார். பிறகு முடியவில்லை. கொஞ்ச நாள் போன் வந்தது, பிறகு நின்றுவிட்டது. வீடு மாறினார், கம்பெனி மாறினார், கல்யாணம், குழந்தை. பதினைந்து வருடம் ஓடிவிட்டது.

2024 அக்டோபரில் கோவில்பட்டி வீட்டுக்கு ரிஜிஸ்டர் தபால் வந்தது. டெல்லி வக்கீல். கட்சிக்காரர் அந்த வங்கிகூட இல்லை, கடனை விலைக்கு வாங்கியதாகச் சொல்லும் ஏதோ ஒரு நிறுவனம். தொகை 4,12,000 ரூபாய். 15 நாளில் கட்டாவிட்டால் கிரிமினல் வழக்கு, கைது, சொத்து ஜப்தி என்று தடித்த எழுத்தில். அவருடைய அப்பா ரிட்டயர்டு வாத்தியார். போனில் அவர் சொன்னது இது:

"என்னய்யா, கோர்ட்ல இருந்து வந்திருக்கு. போலீஸ் வரும்னு போட்டிருக்கான்யா. அம்மா செயினை வச்சுக் கட்டிருவோம். ஊருக்குள்ள தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

கவனியுங்கள். "கடன் நிஜமா, எவ்வளவு, யாருக்கு?" என்று அந்தப் பெரியவர் கேட்கவில்லை. ஊருக்குள் தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் முதல் கேள்வி. இந்த வியாபாரத்தின் மூலதனமே அந்தக் கேள்விதான். வெளிமாநிலத்தில் பிழைக்கிற நம் மீது அது இரண்டு மடங்கு வேலை செய்கிறது. கார்டு விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் நாம் எல்லோரும் ஊர் வீட்டைத்தான் எழுதினோம். 11 மாத அக்ரிமெண்டில் வீடு வீடாக மாறுகிறவனுக்கு வேறு எது நிரந்தரம்? ஆக நோட்டீஸ் போய் இறங்குவது எழுபது வயதுத் தகப்பன் கையில். அது ஆங்கிலத்தில் இருக்கும். போஸ்ட்மேன் முன்னால் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியிருக்கும். கடன் வாங்கியவன் ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப்பக்கம். பயத்துக்கு இதைவிட நல்ல விளைநிலம் உண்டா?

முதலில் அந்தத் தொகையைப் பார்ப்போம்

46,000 எப்படி 4,12,000 ஆனது? கார்டுக்கு மாதம் 3.5 சதவீத வட்டி. வட்டிக்கு வட்டி போட்டால் பத்து வருடத்தில் 1,000 ரூபாய் 62,000 ஆகும். நீங்களே கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கில் 46,000 பதினைந்து வருடத்தில் 2 கோடியைத் தாண்டிவிடும். சரி, தனி வட்டி என்று வைத்துக்கொண்டால் வருடம் 42 சதவீதம், பதினைந்து வருடத்துக்கு அசலோடு சேர்த்து 3,35,800. நோட்டீஸில் இருப்பது இரண்டும் இல்லை. அப்படியானால் 4,12,000 எங்கிருந்து வந்தது? எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியாது, அந்த வக்கீலுக்கும் தெரியாது. போனில் பேசிய பையன் மூன்றாவது நிமிடத்திலேயே "சார், 1,20,000க்கு முடிச்சுக்கலாம், இன்னிக்கு மட்டும் ஆஃபர்" என்று இறங்கிவிட்டான். கோர்ட்டில் கேட்டு வாங்கப் போகிறவன் தீபாவளித் தள்ளுபடி கொடுப்பானா?

ஒரு எச்சரிக்கை. 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல் தீர்ப்புச் சொன்னதை இன்னமும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அதை 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதை நம்பிப் பதில் எழுதாதீர்கள். கட்டாத கட்டணம், அபராதம், வரி இவற்றைப் பாக்கியோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட கார்டு நெறிமுறையில் சொன்னது. அது அதே வருடம் அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. 2009 கணக்குக்கு அதைப் பொருத்துவது கஷ்டம், சமீபத்திய பாக்கிக்கு உதவும்.

புரோநோட்டு தெரிந்த நமக்கு இது புதுசா?

மூன்று வருடக் கணக்கை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புரோநோட்டு எழுதிக் கடன் கொடுத்தவர் மூன்று வருடம் முடிவதற்குள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். "நோட்டு காலாவதி ஆயிரும்யா, மாத்தி எழுதிக் கொடு" என்பார். அல்லது ஒரு நூறு ரூபாயாவது வாங்கிக்கொண்டு நோட்டின் முதுகில் வரவு எழுதிக் கையெழுத்து வாங்குவார். எழுதப் படிக்கத் தெரியாத வட்டிக்காரருக்கும் தெரிந்த சட்டம் அது. 1963ம் வருடத்துக் காலவரையறைச் சட்டம். லிமிடேஷன் ஆக்ட் என்பார்கள். கார்டு பாக்கிக்கும் அதே மூன்று வருடம்தான்.

அதில் 18வது பிரிவு: மூன்று வருடம் முடிவதற்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். 19வது பிரிவு: கெடு முடிவதற்குள் ஒரு பகுதி பணம் கட்டி, அது எழுத்தில் பதிவாகியிருந்தாலும் அப்படியே. இரண்டிலும் "முடிவதற்குள்" என்பது முக்கியம். முடிந்த பிறகு 18ம் 19ம் செத்த கடனுக்கு உயிர் கொடுக்காது. 3வது பிரிவின்படி, காலம் கடந்த வழக்கை, எதிர்த்தரப்பு சொல்லாவிட்டாலும், நீதிமன்றமே தள்ளுபடி செய்ய வேண்டும்.

அப்புறம் ஏன் அந்தப் பையன் "டோக்கனா ஒரு 5,000 மட்டும் யு.பி.ஐ. பண்ணுங்க சார், ஒரு சின்ன மெயில் போட்டுடுங்க சார்" என்று கெஞ்சினான்? இங்கேதான் பொறி. 1872ம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தில் 25வது பிரிவின் 3வது உட்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. காலாவதியான கடனையும் நான் கட்டுகிறேன் என்று எழுத்தில் வாக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் அது புது ஒப்பந்தம். அதன் மேல் வழக்குப் போடலாம். அவனுக்கு 5,000 ரூபாய் பெரிதில்லை. "அப்போது கஷ்டம், இப்போது மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிடுகிறேன்" என்று நீங்கள் நல்ல மனசோடு எழுதும் அந்த ஒரு வரிதான் வேண்டும். மெயிலை வைத்து அவன் ஜெயிப்பானா தோற்பானா என்பது வேறு விஷயம். கத்தியைத் தீட்டி நாமே ஏன் கையில் கொடுக்க வேண்டும்?

"கடன் வாங்கிட்டு சட்டம் பேசுறியா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நம் வீட்டுப் பெரியவர்களே கேட்பார்கள். பதில் சொல்கிறேன்.

வாங்கிய கடனைக் கட்ட வேண்டும். எனக்கு அதில் இரண்டாவது கருத்து இல்லை. சட்டமும் கடன் மறைந்துபோனது என்று சொல்லவில்லை, வழக்குப் போடும் வழி அடைபட்டது என்றுதான் சொல்கிறது. நண்பருக்கு மனசு உறுத்தினால் அந்த 46,000ஐ வங்கியிடமே நேராகக் கொடுத்து, கணக்கு முடிந்தது என்று கடிதம் வாங்கட்டும். அது அவருக்கும் அவர் மனசாட்சிக்கும் உள்ள விவகாரம். அதை அவர் செய்தால் கும்பிடுவேன். ஆனால் ஆள் யார் என்றே தெரியாத ஒருவனுக்கு, கணக்கே காட்டாத ஒரு தொகையை, அப்பாவைப் போலீஸ் பூச்சாண்டி காட்டினான் என்பதற்காகக் கட்டுவது நேர்மையும் இல்லை, நாணயமும் இல்லை.

இன்னொன்று. வங்கி நமக்குச் செய்த தப்புக்கு நாம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக எத்தனை காலம் தெரியுமா? 2019ம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடம். அதற்கு மேல் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும். சட்டப் பிரிவு, கால் சென்டர், கம்ப்யூட்டர் எல்லாம் வைத்திருக்கும் வங்கிக்கு மூன்று வருடம் கொடுத்திருக்கிறது சட்டம். நமக்கு இரண்டு. நம் கெடு முடிந்தால் "டைம் முடிஞ்சு போச்சு சார்" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துகிறவர்கள், தங்கள் கெடு முடிந்தால் மட்டும் தர்மம், நியாயம், மனசாட்சி என்று பிரசங்கம் செய்கிறார்கள். நல்ல கதை!

கைது, ஜப்தி, 420

கடன் கட்ட முடியாமல் போவது குற்றம் இல்லை. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் மோசடி. இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டு வேலை போய் நின்றவன் மீது அதை எப்படிக் காட்டுவார்கள்? சிவில் சிறை என்று ஒன்று உண்டு, உண்மைதான். ஆனால் அதற்கு முதலில் வழக்கு நடந்து டிக்ரி ஆக வேண்டும். கட்ட வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏய்க்கிறான் என்று காட்ட வேண்டும். வெறும் கையோடு இருக்கும் கடனாளியைச் சிறையில் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980லேயே சொல்லிவிட்டது.

அப்பா சுயமாகச் சம்பாதித்து அவர் பெயரில் கட்டிய வீட்டுக்கும் மகனுடைய கார்டுக்கும் சம்பந்தமே இல்லை. அவர் ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை. கார்டு வைத்திருந்தவர் இறந்துபோயிருந்தால்கூட, வாரிசுக்கு வந்து சேர்ந்த சொத்தின் மதிப்பு வரைதான் கடன் துரத்தும். மகனுடைய சொந்தச் சம்பாத்தியத்தைத் தொடாது. கணவர் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் போன் செய்து மிரட்டும் ஆட்களுக்கு இதைச் சொல்லிவிட்டு வையுங்கள்.

காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது, கடனாளியின் குடும்பத்தார், நண்பர்களை அசிங்கப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கையில் கறாராகச் சொன்னது. கடனை விலைக்கு வாங்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கும் அந்தச் சுற்றறிக்கை போனது. போன் வந்த தேதி, நேரம், நம்பர் எல்லாம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை.

பதில் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

நண்பருடைய பதிலை எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் ஒரு மராத்தி வக்கீல் எழுதிக் கொடுத்தார். ஒரே பக்கம். அழுகை இல்லை, திட்டு இல்லை. அதில் இருந்தவை:

1. நோட்டீஸின் தேதி, எண். அது எந்தத் தேதியில், எந்த முகவரியில் கிடைத்தது.

2. இந்தக் கடிதம் எந்தக் கடனையும் ஒப்புக்கொள்வதாகாது, எந்த உரிமையையும் விட்டுக்கொடுப்பதாகாது என்ற ஒரு வரி. நோட்டீஸில் சொன்ன தொகையை மறுக்கிறேன் என்று இன்னொரு வரி.

3. கார்டு விண்ணப்பத்தின் நகல், முதல் நாளிலிருந்து கடைசி வரை மாதாந்திர ஸ்டேட்மெண்ட், கடைசியாகப் பணம் வந்த தேதி, தொகை எப்படி வந்தது என்ற கணக்கு. 1891ம் வருடத்து வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டப்படி சான்றிட்ட நகலாக வேண்டும்.

4. கடனை வாங்கியதாகச் சொல்லும் நிறுவனத்துக்கு அந்த உரிமை எப்படி வந்தது? 1882ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 130வது பிரிவின்படி இந்த மாதிரிக் கடனுரிமையை எழுத்துப் பத்திரம் மூலமாகத்தான் மாற்ற முடியும். அந்தப் பத்திரத்தில் இந்தக் கணக்கு இருக்கும் பக்கம் வேண்டும்.

5. உங்கள் கணக்குப்படியே பார்த்தாலும் கடைசிப் பணம் 2009ல். காலவரையறைச் சட்டப்படி வழக்குப் போடும் காலம் கடந்துவிட்டது.

6. இனி எல்லாம் எழுத்தில், இந்தப் புனே முகவரிக்கு மட்டும். பெற்றோரைத் தொடர்பு கொண்டால் புகார் செய்யப்படும்.

அவ்வளவுதான். ஸ்பீட் போஸ்ட் ரசீதையும் டெலிவரி ஆன விவரத்தையும் நோட்டீஸோடு சேர்த்து ஃபைலில் வைத்தாயிற்று. நாலு மாதம் ஆகியும் ஒரு தாள்கூட வரவில்லை. 15 நாளில் கைது என்றவர்கள்! பிறகும் ஒரே ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. "பிரத்யேக சலுகை" :-)

வக்கீல் செலவு செய்ய முடியாதவர்களுக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானக் கணக்கே பார்க்காமல் இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

எப்போது ஓடி வர வேண்டும்

இப்போது "விடு பாஸ்" கோஷ்டிக்கு வருகிறேன். வக்கீல் நோட்டீஸ் வேறு, கோர்ட் சம்மன் வேறு. சம்மனில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், ஆஜராகும் தேதி, முத்திரை இருக்கும். சந்தேகம் இருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணையோ பெயரையோ போட்டுத் தேடலாம், காசு கிடையாது. நிஜ சம்மன் என்றால் அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள். சாதாரண வழக்கில் எழுத்து மூலமான பதிலுக்கு 30 நாள். ஆர்டர் 37 என்ற சுருக்க வழக்காக இருந்தால் ஆஜராவதைத் தெரிவிக்கவே 10 நாள்தான். போகாமல் இருந்தால் எக்ஸ்பார்ட்டி டிக்ரி. அதன் பிறகு மூன்று வருடக் கதை எல்லாம் செல்லாது. டிக்ரிக்கு ஆயுள் 12 வருடம், சம்பளத்தில் கைவைக்கவும் வழி உண்டு. ஊர் முகவரிக்கு வந்த சம்மன் உங்களுக்குத் தெரியாமலே டிக்ரி ஆகிவிட்டால், தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம். அதையும் தவறவிட்டால் ஆண்டவன்தான்.

லோக் அதாலத் என்று தாள் வந்தால் அதுவும் உங்களைத் தண்டிக்கும் இடம் இல்லை. இரண்டு பேரும் சம்மதித்தால்தான் அங்கே முடிவு. ஆனால் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. போங்கள், கேளுங்கள், அவசரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆர்பிட்ரேஷன் நோட்டீஸும் அப்படியே. வழக்கில் அக்கறை உள்ள ஒரு தரப்பு தன் இஷ்டத்துக்குத் தனியாக நடுவரை நியமிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019ல் சொல்லியிருக்கிறது. அந்த ஆட்சேபத்தை எழுதி அனுப்புங்கள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் உத்தரவு போட்டுவிட்டு டிக்ரி மாதிரி நிறைவேற்ற வருவார்கள்.

உங்கள் பாக்கி மூன்று வருடத்துக்குள் இருந்தால் இந்தப் பதிவின் பாதி உங்களுக்குப் பொருந்தாது. ஓடாதீர்கள். ஏஜெண்டை விட்டுவிட்டு வங்கியிடமே பேசுங்கள். எவ்வளவுக்கு முடிவு, எந்தத் தேதிக்குள் என்று வங்கியின் கடிதம் கைக்கு வந்த பிறகு வங்கிக் கணக்குக்கே பணம் அனுப்புங்கள், பாக்கி இல்லை என்ற சான்று வாங்குங்கள். குறைத்துக் கட்டினால் சிபில் ரிப்போர்ட்டில் "செட்டில்டு" என்று விழும், முழுதும் கட்டினால்தான் "குளோஸ்டு". வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் இதை யோசித்துச் செய்யுங்கள். முழு ரிப்போர்ட் வருடத்துக்கு ஒருமுறை இலவசம். தப்பு இருந்து முறையிட்டு 30 நாளில் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது.

மானம் என்ற வார்த்தையை நம்மிடம் எல்லோரும் சுலபமாக விற்றுவிடுகிறார்கள். எவனோ ஒருவன் இங்கிலீஷில் மிரட்டியதும் செயினைக் கழற்றிக் கொடுக்கும் வீட்டில் மானம் காப்பாற்றப்பட்டதாக நான் நினைக்கவில்லை. கணக்கைக் காட்டு, பத்திரத்தைக் காட்டு, பிறகு பேசலாம் என்று நிமிர்ந்து கேட்கும் வீட்டில் அது பத்திரமாக இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போடும்போது மழை, மாத்திரை, பேத்தி படிப்பு எல்லாம் பேசி முடித்துவிட்டு இரண்டு வரி சேர்த்துச் சொல்லுங்கள். "இங்கிலீஷ்ல எந்தத் தபால் வந்தாலும் கையெழுத்துப் போட்டு வாங்கி வைங்க, போட்டோ எடுத்து அன்னிக்கே எனக்கு அனுப்புங்க. போன்ல யார் மிரட்டினாலும் என் நம்பரைக் கொடுத்துட்டு வச்சிடுங்க, ஒரு பைசா அனுப்பாதீங்க." கார்டே இல்லாதவர்களும் சொல்லி வைக்கலாம்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. இது பொது விளக்கம். உங்கள் நோட்டீஸுக்குப் பதில் அனுப்பும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். எந்தத் தேதியில் கடைசியாகப் பணம் கட்டினீர்கள் என்ற ஒரே விவரத்தில் மொத்த வழக்கும் புரண்டுவிடும்.